எல்எல்ஆர் வாங்கியாச்சு... லைசென்ஸ் டெஸ்ட்டை எத்தனை நாளுக்குள் முடிக்கணும்? கல்வராயன்மலை முதல் கள்ளக்குறிச்சி வரை தெரிந்துகொள்ள வேண்டிய கெடுக்கள்

கம்ப்யூட்டரில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தேர்ச்சி பெற்று, எல்எல்ஆர் கைக்கு வந்துவிட்டால் பாதி லைசென்ஸ் வாங்கிவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். "6 மாசம் டைம் இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வண்டி ஓட்டும் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் சட்டக் கணக்குப்படி அந்த 6 மாதத்தில் முதல் 30 நாள் டெஸ்ட்டுக்கே போக முடியாது. டெஸ்ட்டில் 3 முறை தவறினால் இன்னும் 60 நாள் காத்திருக்க வேண்டும். மீதம் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடாதவர்கள் எழுத்துத் தேர்வு, கட்டணம், காத்திருப்பு என எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

டெஸ்ட்டுக்காக மலையை விட்டு இறங்கி வர வேண்டிய கல்வராயன்மலை மக்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கெடுக்கள் என்னென்ன, எதைத் தவறவிட்டால் என்ன ஆகும், எப்படித் திட்டமிடலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

எல்எல்ஆர் என்றால் என்ன?

பேச்சுவழக்கில் எல்எல்ஆர் என்று சொல்லப்படுவது, மோட்டார் வாகனச் சட்டம் 1988 குறிப்பிடும் 'பழகுநர் உரிமம்'. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு மட்டுமே கொடுக்கப்படும் தற்காலிக அனுமதி இது. முழு ஓட்டுநர் உரிமத்துக்கு இது மாற்று கிடையாது.

இதைப் பெற முதலில் ஒரு எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். போக்குவரத்துக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றில் இருந்து கேள்விகள் வரும். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம்.

இதில் மலைப்பகுதிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த விதி ஒன்றும் உண்டு. குறுகலான மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், மேலே ஏறும் வண்டிக்கே முதல் வழி. இறங்கி வரும் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஆதார் வழியாக விண்ணப்பிப்பவர்கள் ஆர்டிஓ ஆபீஸ் போகாமலேயே பரிவாகன் இணையதளத்தில் இந்தத் தேர்வை எழுத வசதி இருக்கிறது. 2024 மார்ச் முதல் தமிழ்நாட்டில் இ-சேவை மையங்கள் மூலமும் எல்எல்ஆருக்கு விண்ணப்பிக்கலாம். அதாவது எழுத்துத் தேர்வு மலைக்கு மேலேயே வந்துவிட்டது. ஆனால் வண்டி ஓட்டும் டெஸ்ட் அப்படி இல்லை. அதற்கு மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நேரில் வந்து ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும். கெடு சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மொத்தம் 4 கெடுக்கள்

முதல் கெடு: 30 நாள். எல்எல்ஆர் வாங்கிக் குறைந்தது 30 நாள் ஆகியிருந்தால்தான் வண்டி ஓட்டும் டெஸ்ட்டுக்குப் போக முடியும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 15-வது விதி இதைச் சொல்கிறது. கற்றுக்கொள்ள ஒரு மாதமாவது வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இரண்டாவது கெடு: 6 மாதம். சட்டத்தின் 14-வது பிரிவுப்படி எல்எல்ஆர் வழங்கப்பட்ட தேதியில் இருந்து 6 மாதம் மட்டுமே செல்லும். டெஸ்ட்டுக்குப் போகும் நாளில் எல்எல்ஆர் உயிரோடு இருக்க வேண்டும்.

மூன்றாவது கெடு: 7 நாள். டெஸ்ட்டில் தவறினால் மறுநாளே மீண்டும் போக முடியாது. 7 நாள் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. இது 9-வது பிரிவு.

நான்காவது கெடு: 60 நாள். 3 முறை போயும் தேர்ச்சி பெறவில்லை என்றால், கடைசி டெஸ்ட் நாளில் இருந்து 60 நாள் முடியும் வரை மறுபடி வர முடியாது. 2019-ல் வந்த சட்டத் திருத்தம் இதோடு இன்னொன்றையும் சேர்த்தது. அப்படி 3 முறை தவறியவர்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் குறைதீர் பயிற்சி முடித்துவிட்டு வர வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

ஒருவருக்கு ஜூன் 10-ம் தேதி எல்எல்ஆர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 9 வரை அது செல்லும். ஆனால் ஜூலை 10-க்கு முன்பு டெஸ்ட்டுக்குப் போக முடியாது. ஆக 6 மாதம் என்று சொல்லப்படுவது உண்மையில் 5 மாதம்தான்.

அவர் ஜூலை 15-ம் தேதி முதல் டெஸ்ட்டுக்குப் போய்த் தவறுகிறார். ஜூலை 23-ல் இரண்டாவது முறை, ஜூலை 31-ல் மூன்றாவது முறை. மூன்றிலும் தோல்வி என்றாலும் 60 நாள் காத்திருப்பு செப்டம்பர் கடைசியில் முடிந்துவிடும். அக்டோபர், நவம்பர் என 2 மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.

அதே ஆள் 'மெதுவா போகலாம்' என்று அக்டோபர் 5-ம் தேதி முதல் டெஸ்ட்டுக்குப் போகிறார் என்றால் கதை வேறு. அக்டோபர் 13, அக்டோபர் 21 என அடுத்த இரண்டு வாய்ப்பும் முடிந்தால், 60 நாள் காத்திருப்பு டிசம்பர் 20-ல்தான் முடியும். எல்எல்ஆர் டிசம்பர் 9-லேயே காலாவதி. மீண்டும் எழுத்துத் தேர்வுதான்.

இந்த எடுத்துக்காட்டில் மூன்றாவது டெஸ்ட் அக்டோபர் 10-க்கு முன்பே முடிந்திருந்தால்தான் நான்காவது வாய்ப்பு கிடைக்கும். பொதுவாகச் சொன்னால், எல்எல்ஆர் வாங்கிய முதல் 4 மாதத்துக்குள் 3 வாய்ப்புகளையும் பயன்படுத்தி முடிக்கும்படி திட்டமிட வேண்டும். முதல் டெஸ்ட் இரண்டாவது மாதத்திலேயே நடந்துவிடுவது நல்லது.

இதில் ஸ்லாட் கிடைப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட் தேதியை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். 7 நாள் முடிந்த எட்டாவது நாளே இடம் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

எல்எல்ஆர் காலாவதி ஆகிவிட்டால் புதுப்பிக்க முடியுமா?

முடியாது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பது போல எல்எல்ஆரைப் புதுப்பிக்க இன்றைய சட்டத்தில் வழி இல்லை. புதிதாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, எழுத்துத் தேர்வை மறுபடி எழுதி, மறுபடி 30 நாள் காத்திருக்க வேண்டும்.

மத்திய அரசு 2016 டிசம்பரில் நிர்ணயித்த கட்டணப்படி, எல்எல்ஆருக்கு ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய், எழுத்துத் தேர்வுக்கு 50 ரூபாய். வண்டி ஓட்டும் டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300 ரூபாய், உரிமம் வழங்க 200 ரூபாய். டெஸ்ட்டில் தவறினால் அந்த 300 ரூபாயை மீண்டும் கட்ட வேண்டும். சேவைக் கட்டணங்கள் தனி. விண்ணப்பிக்கும்போது இணையதளம் காட்டும் தொகையே இறுதியானது.

பைக்கும் காரும் சேர்த்து எல்எல்ஆர் எடுத்தவர் கெடுவைத் தவறவிட்டால் மறுபடி 350 ரூபாய் அரசுக் கட்டணம். தொகை சிறியதுதான். ஆனால் டெஸ்ட்டுக்காக மலையில் இருந்து வந்துபோகும் செலவும், அந்த நாள் கூலியும் சேரும்போது அது சிறிய தொகையாக இருக்காது.

மலைக்கு மேலே என்ன சிக்கல்?

விழுப்புரத்தில் இருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் தொடங்கப்பட்டது கள்ளக்குறிச்சி மாவட்டம். இந்தப் பகுதி வண்டிகளின் பதிவு எண் டிஎன் 15 என்று தொடங்கும். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் இந்த மாவட்டத்தில்தான் வருகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர்.

வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு போன்ற ஊர்களில் இருந்து கள்ளக்குறிச்சி வர வேண்டும் என்றால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். வெள்ளிமலையில் இருந்து வருபவர்கள் கோமுகி அணை, கச்சிராயப்பாளையம் தாண்டி வருகிறார்கள். பஸ்ஸை விட்டால் பைக்தான் வழி. அவசரத்துக்கு மருத்துவமனை போவதற்கும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது மலையில் வசதி இல்லை, தேவை. அதனால்தான் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிப் பழகியவர்களும் உண்டு.

கெடுவைத் தவறவிட இன்னொரு காரணம் வெளியூர் வேலை. மாதக்கணக்கில் வேலைக்காக வெளியே போகிறவர்கள், எல்எல்ஆர் எடுத்துவிட்டுக் கிளம்பினால், திரும்பி வரும்போது 6 மாதம் முடிந்திருக்கும். இவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். வேலைக்குக் கிளம்பும் முன் எல்எல்ஆர் எடுப்பதைவிட, ஊர் திரும்பியதும் எடுத்து, அடுத்த இரண்டு மாதம் ஊரில் இருக்கும்போதே டெஸ்ட்டை முடித்துவிடுவது நல்லது.

மழைக்காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மழைநாளில் இறங்கி வருவது கஷ்டம். ஜூன், ஜூலையில் எல்எல்ஆர் எடுப்பவர்களுக்குக் கடைசி மாதங்கள் அப்படியே மழைக்காலத்தில் விழும். இதுவும் டெஸ்ட்டை முன்கூட்டியே முடிக்க ஒரு காரணம்.

2024 ஜூன் மாதக் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன்மலை மக்களின் வாழ்க்கைத் தரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பஸ் வசதி, ஆதார், ரேஷன் அட்டை போன்ற அடிப்படை விஷயங்களே அதில் பேசப்பட்டன. லைசென்ஸுக்கும் இவையே அடித்தளம். ஆதாரில் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் சரியாக இல்லை என்றால் எல்எல்ஆர் விண்ணப்பமே நகராது.

டெஸ்ட்டுக்கு வண்டியை எப்படிக் கொண்டு வருவது?

இது பலரும் யோசிக்காத கேள்வி. டெஸ்ட்டுக்கு விண்ணப்பதாரர்தான் வண்டியோடு வர வேண்டும். ஆனால் எல்எல்ஆர் வைத்திருப்பவர் தனியாக ஓட்டி வர முடியாது.

விதி 3 சொல்வது இதுதான்: அந்த வகை வண்டிக்கு முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பயிற்றுநராக உடன் இருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பில் 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பைக்காக இருந்தால் பின்னால் உட்காரும் ஆள் அந்தப் பயிற்றுநராக மட்டுமே இருக்கலாம். லைசென்ஸ் இல்லாத நண்பரை ஏற்றிக்கொண்டு வருவதும் விதிமீறல்தான்.

ஆகவே மலையில் இருந்து டெஸ்ட்டுக்கு வருபவர், லைசென்ஸ் உள்ள ஒருவரை வண்டி ஓட்டச் சொல்லி வருவதே பாதுகாப்பானது. வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். இன்சூரன்ஸ் முடிந்த வண்டியோடு வந்து டெஸ்ட் வாய்ப்பை இழப்பது தேவையில்லாத நஷ்டம்.

மலையில் தினமும் ஓட்டிப் பழகியவர்களும் டெஸ்ட்டில் தடுமாறுவது உண்டு. கால் ஊன்றாமல் எட்டு போடுவது, திரும்பும் முன் கையாலோ இண்டிகேட்டராலோ சைகை காட்டுவது ஆகியவை வளைவுப் பாதையில் வேகமாக ஓட்டுவதில் இருந்து வேறுபட்ட பழக்கம். அந்த 30 நாளில் சமதளத்தில் எட்டு போட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

காலாவதி ஆன எல்எல்ஆருடன் ஓட்டினால் என்ன ஆகும்?

6 மாதம் முடிந்த மறுநாள் முதல் அவர் லைசென்ஸ் இல்லாத ஆள்தான். சட்டத்தின் 181-வது பிரிவுப்படி 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180-வது பிரிவில் இதே அளவு தண்டனை உண்டு.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து விபத்து நடந்தால் வரும். 2004-ல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பைக் கொடுத்தது. எல்எல்ஆரும் சட்டப்படி ஒரு லைசென்ஸ்தான், எல்எல்ஆர் வைத்திருப்பவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பில் இருந்து இன்சூரன்ஸ் நிறுவனம் தப்ப முடியாது என்பது அதன் சாரம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்எல்ஆர் நடப்பில் இருக்கும் வரைதான். காலாவதி ஆன பின் விபத்து நடந்தால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிப்பது உண்டு. இழப்பீடு லட்சக்கணக்கில் வரலாம். நிலத்தையோ வண்டியையோ விற்றுக் கட்ட வேண்டிய நிலைகூட வரும். உரிமையாளர் தானே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் நடப்பில் உள்ள லைசென்ஸ் ஒரு நிபந்தனை.

18 வயது ஆகாதவர்கள் கதை என்ன?

16 வயதில் எல்எல்ஆர் எடுக்கலாம் என்று சொல்வது பாதி உண்மை. 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டுமே அது பொருந்தும். இன்று பெட்ரோலில் ஓடும் ஸ்கூட்டர், பைக் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். அவற்றுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

லைசென்ஸோ எல்எல்ஆரோ இல்லாத சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்கிறது 199ஏ பிரிவு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

பிக்கப், குட்டி யானை ஓட்ட நினைப்பவர்களுக்கு

மலையில் இருந்து மரவள்ளிக்கிழங்கு போன்ற விளைபொருளை இறக்கும் வண்டிகளை ஓட்டுவது பல இளைஞர்களுக்கு வருமான வழி. இவர்களுக்கு இரண்டு நல்ல மாற்றங்கள் வந்துள்ளன.

ஒன்று, போக்குவரத்து வாகனம் ஓட்ட 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019-ல் நீக்கிவிட்டது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு கொடுத்த தீர்ப்பு. இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத போக்குவரத்து வாகனத்தையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று அது சொன்னது. சிறிய சரக்கு வண்டிகள் இந்த வரம்புக்குள் வரும். எனவே கார் டெஸ்ட்டைக் கெடுவுக்குள் முடிப்பது இவர்களுக்கு வேலையோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அரசே கெடுவை நீட்டித்தது உண்டா?

உண்டு. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான வாகன ஆவணங்களைச் செல்லத்தக்கதாகக் கருத வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்து, பலமுறை நீட்டித்து, 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனது.

2024-லும் ஒருமுறை நடந்தது. லைசென்ஸ் பணிகளுக்கான சாரதி இணையதளம் முடங்கியதால், ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை காலாவதியான எல்எல்ஆர், லைசென்ஸ் ஆகியவற்றுக்குப் பிப்ரவரி 29 வரை அவகாசம் கிடைத்தது.

இந்த இரண்டுமே நாடு முழுவதையும் பாதித்த சூழ்நிலைகள். தனி ஒருவர் ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, பஸ் வரவில்லை என்று சொல்லிக் கேட்டால் இப்படி நீட்டிப்பு கிடைக்காது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் எழுத்துத் தேர்வுச் சான்று 2 ஆண்டு செல்லும். அதற்குள் வண்டி ஓட்டும் டெஸ்ட்டில் தேர்ச்சி பெறாவிட்டால் எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். கொரோனா காலத்தில் டெஸ்ட்டுகள் நின்றபோதும் அந்த 2 ஆண்டுக் கெடுவை அந்நாட்டு அரசு நீட்டிக்கவில்லை. படித்த விதிகள் மறந்துபோகும் முன் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் இரண்டு நாட்டுக் கெடுவுக்கும் பின்னால் இருக்கிறது. இந்தியாவில் அந்தக் காலம் நான்கில் ஒரு பங்கு.

'இனி ஆர்டிஓ டெஸ்ட்டே இல்லை' என்பது உண்மையா?

2024 ஜூன் 1 முதல் ஆர்டிஓ ஆபீஸில் டெஸ்ட் கிடையாது என்று ஒரு தகவல் பரவியது. அப்படி எந்த மாற்றமும் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் முழுப் பயிற்சி முடித்துச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் டெஸ்ட்டில் விலக்கு உண்டு. தெருமுனையில் இருக்கும் சாதாரண டிரைவிங் ஸ்கூலுக்கு இது பொருந்தாது.

கெடுவைத் தவறவிடாமல் இருக்க...

* எல்எல்ஆர் வந்த அன்றே அதில் அச்சாகியுள்ள கடைசித் தேதியையும், 30 நாள் முடியும் தேதியையும் காலண்டரில் குறிக்கவும்.
* விண்ணப்பிக்கும் முன் ஆதாரில் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண்ணைச் சரிபார்க்கவும். 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவச் சான்றையும் தயாராக வைக்கவும்.
* 30 நாள் முடிந்ததும் கிடைக்கும் முதல் ஸ்லாட்டையே பதிவு செய்யவும். கடைசி மாதத்துக்குத் தள்ள வேண்டாம்.
* பைக், கார் இரண்டும் வேண்டும் என்றால் ஒரே விண்ணப்பத்தில் எடுத்தால், கீழே இறங்கும் பயணம் குறையும்.
* முதல் டெஸ்ட்டில் தவறினால், எதில் தவறு என்று ஆய்வாளரிடம் கேட்டு, அதை மட்டும் பழகிவிட்டு அடுத்த முறை போகவும்.
* முகவரியைக் கவனமாகக் கொடுக்கவும். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் விரைவு அஞ்சலில்தான் வருகிறது. குக்கிராமப் பெயர், தபால் நிலையம், பின்கோடு மூன்றும் சரியாக இருந்தால்தான் மலைக்கு மேலே வந்து சேரும்.

டெஸ்ட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டால் அதன் பிறகு அவசரம் இல்லை. 30 வயதுக்குள் எடுக்கும் பைக், கார் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 18 வயதில் எடுப்பவருக்கு அது 22 ஆண்டு. அந்த 22 ஆண்டுக்காக ஓட வேண்டியது முதல் 4 மாதம் மட்டுமே.